பிள்ளையைச் சாட்டி

பனிச்சரிவு பற்றிய வகுப்புக்குப் போனவள் எங்களுக்குள் நான் ஒருத்திதான். அதனால் ஒஸ்லோவிலிருந்து நாலு பேராய் மலைக்குப் போன அன்று, பனி உறுதியாக இருக்கிறதா என்று குழி வெட்டிப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. கணவரும், அவருடைய வேலைத் தோழரும், தோழரின் மனைவியும் சற்றுத் தள்ளி நின்று கோப்பி குடித்தார்கள். தோழரும் மனைவியும் நோர்வேஜியர்; நடக்கப் பழகியபோதே பனியில் சறுக்கவும் பழகியவர்கள்.

குழியின் சுவரில் பனியைத் தூண்போல அறுத்து, மேலே பனி அள்ளும் சவளை வைத்துக் கையால் தட்டினேன். மெல்லத் தட்டியபோது ஒன்றுமில்லை. சற்று ஓங்கித் தட்ட, மேற்பாதி அப்படியே வழுக்கி என் மடியில் விழுந்தது. முறிந்த இடத்தில் பனி சீனிபோல உதிர்ந்தது. காற்று கொண்டுவந்து குவித்த கனமான பனிப்படை முழுவதும் அந்தச் சீனியின் மேல்தான் இருந்தது. நாங்கள் ஏறவிருந்த சரிவும் அதே பக்கம் பார்த்தது, இன்னும் செங்குத்தாக; ஆள் ஏறினால் அப்படியே சரியக்கூடும்.

பிழையாக அறுத்துவிட்டேனோ என்று இன்னொரு தூண் அறுத்தேன். அது முறியவில்லை. முறிந்ததைத்தான் நம்பவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் இவர்களுக்கு நான் பனியைப் பற்றிச் சொல்வதா?

எங்கள் ஆட்கள் ஓரிடத்துக்குப் போக மனமில்லையென்றால் பிள்ளையைத்தான் சாட்டுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. நானும் சாட்டினேன்.

"மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தது மனதுக்கு ஒருமாதிரி இருக்கிறது. திரும்பினால் நல்லது."

எல்லோரும் திரும்புவோம் என்றுதான் நினைத்தேன்.

"அதற்கென்ன, நீங்கள் போங்கள்," என்றார் தோழர் அன்பாக. "நாங்கள் ஏறிவிட்டு வருகிறோம்."

இருவரும் புறப்பட்டுவிட்டார்கள்.

"உம்மட அம்மா பிள்ளையைத் திருப்பித் தந்தாலே பெரிய காரியம்," என்று கணவர் சிரித்தார். "என்னப்பா பயம்?"

"பிள்ளை இல்லையப்பா. பனி சரியில்லை."

"அதை அவையளுக்குச் சொன்னீரோ?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"ஐயோ, கூப்பிடுமப்பா!"

தொண்டை கிழியக் கத்தினேன். சரிவின் அடியை எட்டியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைக்கு மேல் கைகளைக் குறுக்காகப் பிடித்தேன். வந்தார்கள்.

தோழரின் மனைவி கையுறையைக் கழற்றி, உதிர்ந்த சீனியை விரல்களால் அளைந்தாள். முகம் மாறியது.

"இதை முதலே பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"பிறகேன் மகளைப் பற்றிச் சொன்னாய்?"

திரும்புவதில் வெட்கமில்லை என்பது இந்த நாட்டின் மலை விதிகளில் ஒன்று. ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் பள்ளிக்கூடம் போன நானும் அதைப் பாடமாக்கியவள்தான். அந்தக் குளிரிலும் காது சுட்டது.

திரும்பும் வழியில் காரில் அவர்கள் வேறு கதைகள் கதைத்தார்கள். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

அம்மா மகளை இடுப்பில் வைத்தபடி கதவைத் திறந்தா.

"என்ன, வேளைக்கே வந்திட்டியள்? பிள்ளையை விட்டிட்டு இருக்கேலாமல் போச்சோ?"

"ஓம் அம்மா," என்றேன்.

குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.