வாசலிலிருந்து நான் அகற்றிய பூந்தொட்டி

என் தங்கை மறைந்து ஓராண்டு நிறைகிறது. மூத்தவன் என்ற முறையில் இந்த நினைவு மலரில் அவளைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அவளுடைய இறுதி நாட்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த செய்தி உண்மையல்ல. அதையும் இங்கே எழுதுகிறேன்.

தங்கை பட்டர்வொர்த்தில் பிறந்தவள். இளவயதிலேயே கணவரை இழந்தாள். அங்கே மாக் மண்டின் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் உழைத்து ஒரே மகளைப் படிக்க வைத்தாள். இதயம் பலவீனமானதும் மகளோடு கடல் தாண்டி, தீவில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வாசலில் ஒரு பாலைவன ரோஜா வளர்த்தாள். இடுப்புயரம்கூட இல்லாத செடி. அடித்தண்டு கிழங்குபோல் பருத்திருக்கும். மழை குறையும் மாதங்களில் தண்ணீரை நிறுத்திவிடுவாள். இலையெல்லாம் உதிர்ந்து, பிறகு வெறுங்கிளையில் பூக்கும். கிளையை நறுக்கினால் நச்சுப்பால் வடியும். கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவாள்.

சென்ற ஆண்டு இலையுதிர்ந்த நாட்களில் அவளுக்கு மூச்சிரைப்பு கூடியது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பால் வடியிற செடிய வாசல்ல வைக்கலாமா? அதுவும் மொட்டையா நிக்குது. வீட்ல சீக்காளி வேற."

தங்கை சிரித்தாள். "அது தூங்குதுலா அக்கா. உங்க வீட்டுக்காரரும் சாப்பிட்டதும் தூங்குறாரு. அவரையும் வெளிய தூக்கி வச்சிருவீங்களா?"

நானும் சிரித்தேன். ஆனால் அந்த உறவினரின் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அறிவியல் ஆசிரியராக இருந்தவன் நான். இருந்தும், ஒவ்வொரு காலையும் அந்த வெறுங்கிளைகளைப் பார்த்துவிட்டு அவள் அறைக்குப் போய், மூச்சு வருகிறதா என்று கவனிப்பேன். ஒரு பகலில் அவள் உறங்கியபோது தொட்டியை நகர்த்திக் கொல்லைப்புறச் சாக்கடையோரம் வைத்தேன். பாசி படிந்த இடம் அது.

"செடி எங்க அண்ணே?"

"பின்னால வச்சிருக்கேன். வெயில் படட்டும்."

"அங்க ஈரம்லா. மழை பேஞ்சா அடி அழுகிடும். திரும்பக் கொண்டாந்து வைங்க அண்ணே."

நாளைக்கு என்றேன். அன்றிரவு, பருவத்துக்குச் சம்பந்தமில்லாமல் மழை கொட்டியது. விடிந்து, தங்கை மகள் வேலைக்குப் போன பிறகு பின்புறம் ஒரு சத்தம். தங்கை பாசியில் வழுக்கி விழுந்து கிடந்தாள். ஒரு கை தொட்டியின் விளிம்பைப் பற்றியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்தது, நெஞ்சில் சளி கட்டியது, மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பவில்லை.

ஓடிவந்த அண்டை வீட்டார் அங்கே கொடிக்கடியில் இருந்த துணிக்கூடையைப் பார்த்துவிட்டு, "துணி காயப் போட வந்தாங்களா?" என்றார்கள். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல் இழவு வீட்டில் வளர்ந்தது. பெற்றவளை வேலை வாங்கியே கொன்றுவிட்டாள் என்று அவள் மகளின் காதுபடவே பேசினார்கள். "நான் துணிய காயப் போட்டுட்டுத்தானே மாமா வேலைக்குப் போனேன்?" என்று அவள் கேட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காரியம் முடிந்ததும் அவள் அக்கரைக்கு, பட்டர்வொர்த் பக்கமே குடிபோனாள். இந்த நினைவு நாளுக்கு அழைத்தேன். "வந்தா பேசுவாங்க மாமா. நீங்களே செஞ்சிருங்க" என்றாள்.

தங்கை துணி காயப் போடப் போகவில்லை. நான் ஒளித்து வைத்த செடியைப் பார்க்கப் போனாள்.

தூக்கிச் சென்ற அண்டை வீட்டாருக்கும், சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. எல்லாரையும்விட அதிகமாகத் தாய்க்குப் பணிவிடை செய்தவள் மகள். மாத்திரை கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள், வேலைக்குப் போகுமுன் கஞ்சி காய்ச்சி வைத்தாள். அவளுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. இந்த மலரின் முதல் பிரதியை அவளுக்கே அனுப்பியிருக்கிறேன். அவள் வந்தால், தாயின் படத்துக்கு முன் விளக்கேற்ற வழிவிடுங்கள். அவளைக் கேட்டதையெல்லாம் இனி என்னைக் கேளுங்கள்.