சத்தம் போடாத பெட்டி

ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் அந்தப் பெண்ணுக்குப் பணிமனையில் ‘டாக்டரம்மா’ என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான், ஆனால் சும்மா ஒட்டிக்கொண்ட பெயர் இல்லை. ஓடுகிற ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்துவிட்டு, “கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு, விசிறிதான் எங்கேயோ உரசுது” என்பாள். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். இவ்வளவு நல்ல காதை வைத்துக்கொண்டு, சொந்த வீட்டில் கழுதையாய்க் கத்திக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரை மூன்று வருடம் எப்படிச் சகித்தாள் என்று கேட்டால் ஒரே பதில்தான். மகள்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். போனில் பேசினால் “சாப்பிட்டியா, தூங்கினியா” என்பதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். கார்ப் பந்தய விளையாட்டில் பேச்சே வேண்டாம், நேரம் போவதே தெரியாது. மாலை ஆறிலிருந்து எட்டு வரை அவள் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் ஒரே பாதையில் காரை விரட்டுவார்கள். ஐம்பதை எட்டப்போகிறவளுக்கு இதென்ன விளையாட்டு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யாரும் தங்கள் பிள்ளைகளோடு தினம் இரண்டு மணி நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. என்ன, அம்மா ஒரு தடவைகூட மகளை முந்தியதில்லை.

கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் வேலை ஒரு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கிடைத்தது. மனிதர் அதில் உயிரையே வைத்திருந்தார். ஆனால் கீழே இருக்கும் இரும்புப் பட்டறை ஆறு மணிக்குத்தான் மூடும். எட்டு மணிக்கு மாடியில் உடற்பயிற்சி வகுப்பு, தூங்கும் நேரம்வரை தலைக்கு மேல் முப்பது பேர் குதிப்பார்கள். ஆக, அவருக்கும் அதே இரண்டு மணி நேரம்தான். இருப்பதோ ஒரே அறை. சமையலறையில் உட்கார்ந்து வாசித்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் எதிரொலிக்கும். விளையாட்டு மேசையை அங்கே கொண்டுபோகலாம் என்றால் மேசை நுழைந்தபின் ஆள் நுழைய இடமில்லை.

பதிவு இரண்டு முறை திரும்பி வந்தது. பின்னணியில் தொடர்ந்து இரைச்சல் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது முறையும் இப்படியே இருந்தால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்களாம்.

கணவர் கோபிக்கவில்லை. “உன்னை விளையாடாதேன்னு நான் சொல்லல. ஆனா அந்தப் பெட்டியும் நானும் ஒரே நேரத்துல பேச முடியாது” என்றார்.

“அப்போ பேசாத பெட்டி ஒண்ணு பண்றேன்.”

“அதெல்லாம் நம்மால ஆகுமா?”

“இதே ரூம்லதான் ஃபிரிட்ஜும் ஓடுது. உங்க பதிவுல அது கேட்டிருக்கா?”

“இல்ல.”

“அதை அடக்கினது யாரு?”

அவர் சிரித்துவிட்டார். “சரி. அடுத்த பதிவை இன்னும் பதினஞ்சு நாள்ல அனுப்பணும். அதுக்குள்ள ஆகலேன்னா?”

“ஆகலேன்னா விளையாட்டையே மூட்டை கட்டிடறேன்” என்றாள். வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, மகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

பழைய பெட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். அந்தப் பணமும் கோடையில் கூடுதல் நேரம் உழைத்த பணமும்தான் முதல். வீட்டுச் செலவில் கை வைப்பதில்லை என்று தனக்குத்தானே கறாராக இருந்தாள். பழைய உதிரிபாகக் கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினார். “மேடம், இதுல ஏழு கலர் லைட் எரியும்.”

“எரியட்டுங்க. எனக்குக் கேட்கக் கூடாது.”

மூடிப்போன ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த பிராசஸரும், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய மதர்போர்டும் எடுத்தாள். மின்சாரத்தைச் சிக்கனமாகத் தின்கிற குட்டைக் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, அதுவும் பழையதுதான். சுழலும் தட்டு இல்லாத ஒரு சேமிப்பு டிஸ்க். பவர் சப்ளைகளை மட்டும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டு, நாலாவதைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் மூக்கின்மேல் விரலை வைத்தார்.

வெளிக்கூட்டைக் காசு கொடுத்து வாங்கவில்லை. பணிமனையில் குப்பைக்குப் போகவிருந்த ஃபிரிட்ஜின் பக்கத் தகட்டை மேலாளரிடம் கேட்டு வாங்கி, வெட்டி மடக்கினாள். இரண்டு செருப்புப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த அளவுதான் வந்தது. கம்ப்ரசர் அதிராமல் இருக்க அடியில் வைக்கும் ரப்பர் கால்கள் நான்கை அதற்கும் மாட்டினாள். மூடி, மூலை, முடுக்கு எல்லாவற்றிலும் கதவு ரப்பர் ஒட்டினாள். உட்புறம் முழுக்க நுரைப் பட்டை. காற்று வர ஒரு சின்னத் துளை, போக ஒரு சின்னத் துளை. எறும்புகூட அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்கிற மாதிரி அடைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவ்வளவு பெருமை.

முதல் பத்து நிமிடம் பெட்டி மூச்சுக் காட்டவில்லை. பதினைந்தாவது நிமிடம் விசிறிகள் ஊளையிட ஆரம்பித்தன. திரையில் கார் நொண்டியது. பிறகு எல்லாமே அணைந்துபோனது. கணவர் புத்தகத்துக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பார்வைதான் சுருக்கென்று தைத்தது.

கார்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டினாள். கழற்றி, சூடு கடத்தும் பசையை மாற்றினாள், மறுபடி மாட்டினாள், மறுபடி ஊளை. கடைக்காரர் தன் தலையில் குப்பையைக் கட்டிவிட்டார் என்று அவரைத் திட்டித் தீர்த்தாள். பாவம், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இப்படியே நாட்கள் ஓடி, கெடுவுக்கு நாலு நாள்தான் மிச்சம்.

அன்று ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அதைச் சுவரோடு சுவராகத் தள்ளி வைத்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “பின்னாடி நாலு விரல் இடம் விடுங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது? இப்படி அடைச்சு வச்சா சூடு எங்கே போ…” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டுக்காரர் பயந்தே போனார்.

மண்டையில் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாகக் குளிர் வெளியே போகாமல் அடைத்து அடைத்துப் பழகிய கை. எதைக் கொடுத்தாலும் அடைத்துவிடும். கம்ப்யூட்டர் ஃபிரிட்ஜின் முன்பக்கம் இல்லை, பின்பக்கம். உள்ளே காப்பாற்ற எதுவும் இல்லை, துரத்த வேண்டிய சூடுதான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள், தன் பெட்டியைத் தானே மூச்சுத் திணற வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரையும் நுரையையும் உரித்துப் போட்டாள். அடித்தகட்டிலும் மேல்தகட்டிலும் வரிசை வரிசையாகத் துளை போட்டாள். ஓடி ஓடிக் கத்துகிற சின்ன விசிறிகளை எடுத்துவிட்டு, ஒரு சாண் அகலத்தில் சோம்பேறித்தனமாகச் சுற்றும் ஒரே ஒரு விசிறியை மேலே வைத்தாள். கார்டு சூடாகாமல் இருக்க அதற்குப் போகும் மின்னழுத்தத்தையும் கொஞ்சம் குறைத்தாள். துளைகளுக்கு மேல் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தாள். காகிதம் நிதானமாக எழும்பி நின்றது. காதை வைத்துக் கேட்டாள். எதுவும் கேட்கவில்லை. தன் காதுமேலேயே சந்தேகம் வந்து, விசிறி சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஆறு மணிக்குக் கணவர் கவனம் சிதறாமல் இருக்கக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு மைக்கின் முன் உட்கார்ந்து மண் அரிப்பு பற்றிய பாடத்தைத் திறந்தார். நாலடி தள்ளி இவள் ஹெட்போனை மாட்டி, பொத்தான் சத்தம் எழாமல் இருக்க மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கன்ட்ரோலரைப் பிடித்தாள். எட்டு மணிக்கு மாடியில் முதல் குதி கேட்கும்வரை இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

பதிவு போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் காலை ஒலிப்பதிவுப் பொறியாளர் போன் செய்தார். கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், முழுசா கேட்டேன். ஒரு இடத்துல சத்தம் இருக்கு.”

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மகளுக்கு என்ன சொல்வது என்று அந்த நொடியே மனசுக்குள் வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டாள்.

“நாற்பத்தோராவது நிமிஷம். ‘மழைநீர் மேல்மண்ணை அடித்துச் செல்கிறது’ன்னு வாசிக்கறீங்க. உடனே ஒரு அம்மா குரல், ‘போடீ, நான் போயிட்டே இருக்கேன் பாரு’ங்குது.”

கணவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். கடைசி வளைவு. மகளின் கார் வெளியே அகன்றபோது இவள் உள்பக்கமாக நுழைந்து முந்திய இடம். காதை மூடிக்கொண்டிருந்ததால், வாய் திறந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

போனைப் பிடுங்கினாள். “அதைத் தவிர என்னங்க இருக்கு?”

“வேற எதுவுமே இல்லம்மா. ரெண்டு மணி நேரமும் அவ்வளவு சுத்தம். சார் ஏதாவது ஸ்டூடியோ பிடிச்சுட்டாரா?”

“அதெல்லாம் இல்லீங்க. வீட்லதான்” என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறைக்கு நடுவில் நின்றாள்.

கணவர் போனை வாங்கிக்கொண்டார். “அந்த ஒரு வரியை மறுபடி வாசிச்சு அனுப்பிடறேன் தம்பி. ஆனா வெட்டின துண்டை அழிச்சிடாதீங்க, எனக்கு அனுப்பி வைங்க. அம்மா முந்தலை, நெட் லைன்தான் விட்டுப்போச்சுன்னு எம்பொண்ணு நாலு நாளா சாதிக்கிறா.”