திருத்தணிப் படியில் சுருட்டு என்னை விட்டுப் போனது

கன்னத்தின் உள்பக்கம் வந்த புண் ஆறவே இல்லை. எமர்ஜென்சி வந்த வருஷம் அது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். நான் அழவில்லை. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கழனி வேலை செய்யும் பெண்கள் சுருட்டுப் பிடிப்பது அப்போது அதிசயமில்லை. நானும் பல்வலிக்கென்று பழகியவள்தான்.

ஆஸ்பத்திரியில் கன்னத்துக்குக் கரண்டு வைத்தார்கள்; கதிர் வைத்தியத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "சுருட்டை விட்டாத்தாம்மா வைத்தியம் பலிக்கும்" என்றார் டாக்டரம்மா. பயம் வந்தால் கை தானாக மடியில் இருக்கும் சுருட்டைத் தேடும். புகை பட்டால் புண் நெருப்பாக எரியும். ஆனாலும் பிடித்தேன். வீட்டில் யாரும் அந்த நோயின் பேரைக்கூட எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர், "எல்லாம் சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விடுவார். பிழைப்பேனா மாட்டேனா? யாரைக் கேட்பது?

தினமும் மலையைப் பார்த்து, "முருகா, நோயை எடுத்துடு" என்று கும்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கோபம் வந்தது. விளக்கேற்றுவதையே விட்டுவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு என் வீட்டுக்காரர் என்னை மலைக்குக் கூட்டிப் போனார். பாதிப் படியில் மூச்சு முட்டி ஓரமாக உட்கார்ந்தேன். காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. நோய் போகவேண்டுமா, பயம் போகவேண்டுமா, நானே போய்ச் சேரவேண்டுமா? "முருகா, இன்னா கேக்கறதுன்னே எனக்குத் தெரியல" என்று அழுதேன். கை மடிக்குப் போய்ச் சுருட்டை எடுத்துவிட்டது, சாமி இருக்கும் மலையிலேயே.

அவர் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற?"

"செத்துப்பூடுவனோன்னு பயமா கீது, பாவா."

"எனக்கும் அதான், கோவிந்தம்மா. கழனிக்குன்னு சொல்லிட்டு, கெணத்தாண்ட குந்தி அழுதுகினு இருந்தேன். உன்னாண்ட எப்பிடி சொல்றதுன்னு தெரியல."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு எழுந்து மேலே போய்த் தரிசனம் செய்தோம். இறங்கும்போது பார்த்தால் கையில் சுருட்டு இல்லை. எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, தெரியாது.

ஆசை அன்றோடு போய்விடவில்லை. வந்தபோதெல்லாம், "பாவா, பயமா கீது" என்பேன். "ஆங், சொல்லு" என்று வந்து உட்காருவார். பேசி முடிப்பதற்குள் ஆசை அடங்கிவிடும். அதன்பிறகு நான் சுருட்டைத் தொடவில்லை.

புண் ஆறியது. இன்றும் பரிசோதனைக்குப் போய் வருகிறேன். ஆற்றியது கரண்டா, சுருட்டை விட்டதா, முருகனா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எல்லாமே முருகன் கையில் இருந்ததாகத்தான் நினைக்கிறேன்.

இந்த நோயோடு இதைப் படிக்கிறவர்களே, வைத்தியத்தை விடாதீர்கள். வேண்டத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே அவனிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் பயத்தைச் சொல்லிவிடுங்கள். முருகன் யார் வாயால் பதில் சொல்வான் என்று நமக்குத் தெரியாது.