முன்பல் ஓரத்துக் குழி

மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள் நான். நாள் முழுக்க நாலு பேரிடம் சிரித்துப் பேசியாக வேண்டிய தொழில். அந்தப் பல்லை இழக்க எனக்கு மனசே வரவில்லை.

"புடுங்கிப்போட்டு வேற கட்டிக்கலாம் அம்மணி" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க பல்லுன்னா இப்படிச் சொல்லுவீங்களா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, மறுநாளே காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஈறு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். பல்லோரத்து எலும்பு கரைந்து ஒரு குழி. வேரைச் சுத்தம் செய்து பார்த்தும் அது ஆறவில்லை.

"பயப்படாதீங்கக்கா. முன்னெல்லாம் ஈறை அகலமாத் திறப்போமுங்க. இப்பச் சின்னக் கீறலே போதும். எலும்பு திரும்ப வளர உள்ளே மருந்து வெப்போம்."

லைனிங் மாற்ற முழு ஜாக்கெட்டையும் பிரிக்காமல், ஓரத்தில் மட்டும் தையலைத் தளர்த்துவேனே, அது மாதிரிதான். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. "என்ன மருந்துங்க?"

எலும்புத் தூள் வைக்கலாம். ஒரு ஜெல் தடவலாம். என் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றி, அதில் திரளும் கட்டியை வைக்கலாம். தூள் எதிலிருந்து வருகிறது என்றேன். இவர் வைப்பது மாட்டெலும்பாம். ஜெல்? பன்றிக்குட்டியின் பல்முளையிலிருந்தாம். அடேங்கப்பா!

"இதுல எதுங்க ஒசத்தி?"

"குழியோட வடிவத்தைப் பொறுத்ததுங்கக்கா. உங்க குழிக்கு மூணுல எதுவும் வெக்கலாம்."

வீட்டில் சொன்னேன். "மாட்டெலும்பை வாயில வெச்சுக்கிட்டு, பட்டிப் பொங்கலன்னிக்கு மாட்டை எப்படிக் கும்புடுவே?" என்றார் அவர். பன்றிப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. சொந்த ரத்தம் என்றால் ஒருத்தரும் வாய் திறக்க முடியாதே!

கீறல், ரத்தக்கட்டி, தலைமுடியைவிட மெல்லிய தையல், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். முறுக்கை விட்டேன், கொய்யாவை விட்டேன். தின்கிற பண்டம் மட்டும்தான் என் நினைப்பில் இருந்தது. கல்யாண ஜாக்கெட் ஒன்றுக்குக் கொக்கி தைத்து முடித்ததும், கை பாட்டுக்கு நூலை வாய்க்குக் கொண்டுபோக, நறுக்கென்று கடித்துவிட்டேன். வாயெல்லாம் ரத்தம். ஐயோ, எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"நூலையுமாங்கக்கா சொல்லோணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு தையல் விட்டிருந்தது. மறுபடி போட்டார். எலும்பு வளருமா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்கவேண்டும் என்றார்.

மாதங்கள் போயின. புது எக்ஸ்ரேயில் குழி பெரும்பாலும் தூர்ந்திருந்தது. பல்லை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, அந்த ஜெல்லு வெச்சிருந்தா இன்னும் நல்லா வளந்திருக்குமுங்களா?"

டாக்டரம்மா சிரித்தார். "இருந்தது ஒரு குழிதானுங்கக்கா. ஒப்பிட்டுப் பாக்கோணும்னா இன்னொரு பல்லு ஆடோணும்."

"வேண்டவே வேண்டாமுங்க!" என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.