ஆளுக்கு எத்தனை கூடை

பட்டைக் கொட்டகையில் கணக்கெழுதுகிறவர்களுக்கு முதலில் தேய்வது பலப்பமல்ல, கண்தான். ஆவாரம்பட்டைத் தூளில் தும்மிக்கொண்டே பலகையில் கட்டம் போட்டவர் யாராவது இதைப் படித்தால், என் அலுப்பை விளக்கவேண்டியிருக்காது.

கல்லூரியில் நான் படித்தது கவிதை. பிழைக்க வந்தது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்புக்கு; தோல் பதனிடும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர். பட்டை இடிப்பவர்கள் எல்லாம் பெண்கள் என்பதால் கணக்குக்கும் ஒரு பெண்ணை வைத்தார்கள். ஒருவருக்கும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் அங்கே நான் டீச்சரம்மா.

இரண்டு நாற்பது

தோல் பதனிடும் பட்டை மாதனூரிலிருந்தும் வரும், திருப்பத்தூரிலிருந்தும் வரும். எது நல்லது என்று பார்க்க மேனேஜர் சாயபு இரண்டு கட்டம் போடச் சொன்னார். ஒரு பக்கம் பட்டையின் எடை, மறுபக்கம் அதில் பதமான ஆட்டுத்தோல். மாதனூர்ப் பட்டை மூன்று மணங்குக்கு இருபத்துநாலு தோல், ஐந்துக்கு நாற்பது. திருப்பத்தூர்ப் பட்டை இரண்டு மணங்குக்கு இருபது, நாலுக்கு நாற்பது.

சாயபு எந்தக் கட்டத்திலும் கடைசி வரியைத்தான் பார்ப்பார். ரெண்டும் நாப்பது, ரெண்டும் ஒண்ணுதான் என்றார். ஒரு மணங்குக்கு இங்கே எட்டு, அங்கே பத்து என்று வகுத்துக் காட்டினேன். மாதனூர் வண்டிகள் பாரம் இறக்காமலே திரும்பின. மாட்டு மணிச் சத்தம் தேயும்வரை சாயபு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுக்கு எவ்ளோன்னு கேட்டா உண்மெ தன்னால வந்துடுதே. ஆளுங்களுக்கும் இப்டி ஒண்ணு போடுங்கம்மா."

உலக்கை பேசியது

வியாபாரம் மந்தமான நேரம். பட்டை இடிக்க இரண்டு கூட்டம் இருந்தது: முனியம்மாவோடு சேர்த்து நாலு பேர், ரோசம்மாவோடு சேர்த்து ஆறு பேர். தலைக்குத் தினக்கூலி. பத்துக் கூலி கட்டாது, உழைப்பு கம்மியான கூட்டத்தை நிறுத்திவிடுவேன் என்றார் சாயபு.

முனியம்மா கூட்டம் இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு கூடை இடித்தது, நாலு மணி நேரத்தில் இருபத்துநாலு. ரோசம்மா கூட்டம் இரண்டு மணி நேரத்தில் பதினைந்து, ஆறு மணி நேரத்தில் நாற்பத்தைந்து. மணிக்கு வகுத்தால் ஆறும் ஏழரையும், ரோசம்மா மேல். ஆளுக்கும் வகுக்கச் சொன்னார். முனியம்மா பக்கம் ஒன்றரைக் கூடை, ரோசம்மா பக்கம் ஒன்றேகால். முனியம்மா உலக்கையை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தாள்.

"கேட்டியா ரோசா, என் உலக்கெ பேசுது. உன்னுது வெத்தல இடிக்குது."

ஆறு வாய்

ரோசம்மா கூட்டத்தில் உலக்கை பிடிப்பவர்கள் நாலு பேர்தான். மற்ற இருவரில் ஒருத்தி கைப்பிள்ளைக்காரி, பால் கொடுக்க எழுந்து எழுந்து போவாள். இன்னொருத்தி கை நடுங்குகிறவள், சல்லடையோடு உட்கார்ந்திருப்பாள். முடியாதவளை விட்டுவிட்டு வேலைக்கு வருவது அந்தப் பெண்களிடம் வழக்கமில்லை. என் கட்டத்தில் அந்த வழக்கத்துக்கு ஒரு பத்தி இல்லை. ரோசம்மா பலகைக்கு அருகில் வந்து நின்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது; எண்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தெரிந்திருந்தது.

"எங்களெ நாலு பேருன்னு எழுதிடு டீச்சரம்மா. நாலு கூலி குடுக்கட்டும். ஆறு வாயும் அதுல தின்னுக்கறோம்."

பத்துப் பேர், ஏழு கூலி

அழித்து எழுதினேன். ஏழரையை நாலால் வகுத்தால் ஒன்றே முக்காலே அரைக்கால். இப்போது முனியம்மா கீழே. அவள் கூட்டத்திலும் ஒருத்தி உண்டு, நிறைமாத மருமகள். அவளால் குனிய முடியாது. இடித்ததைக் கொட்டக் கூடையைப் பிடித்து நிற்பாள். முனியம்மா அவளைத் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் வந்து, நாங்க மூணு பேருதான் என்றாள். மறுபடி அழித்தேன். ஆறை மூன்றால் வகுத்தால் இரண்டு.

ரோசம்மா பலகையைப் பார்த்தாள். பிறகு பிள்ளைக்காரியைப் பார்த்தாள். இன்னும் ஒரு கூலியைக் குறைக்க அவள் வாயைத் திறப்பதற்குள் சாயபு கையை உயர்த்தி, போதும், ரெண்டு கூட்டமும் இருக்கட்டும் என்றார். அவர் கெட்டவரில்லை, முகத்தில் நிஜமான நிம்மதி. உலக்கைகள் மறுபடி விழத் தொடங்கின, முன்னிலும் வேகமாக.

"நான் யாரையும் நிறுத்தல, பார்த்தீங்களா? பேஜாரே இல்லாம முடிச்சிருச்சு உங்க கணக்கு."

ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்தே காலம் தள்ளிய எனக்கு, ஒரு ஆள் என்றால் எவ்வளவு என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.