ஆறாம் பாகத்தில் செத்த டாக்டர்

"இப்ப இடது கன்னம்" என்று முணுமுணுத்தபடி நோட்டில் குறித்தார் தாணுலிங்கம் அத்தான். வற்றல் மிளகாய் மூட்டைமேல் சாய்த்துவைத்த போனில் ஆகாயக் கப்பல் ஒன்று பறந்தது. "மூணாம் பாகத்துல கேப்டனுக்குத் தழும்பு வலது கன்னத்துலல்லா இருந்து? படம் எடுக்கவனுக்குக் கண்ணில்லியா?"

ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருக்கு மொத்த வியாபாரக் கடை. பில் போடும்போதுகூட இந்த விண்வெளித் தொடரை நிறுத்தமாட்டார். காதில் பென்சில், மிளகாய் நெடியில் ஓயாத தும்மல். மதியச் சோறு கொண்டுபோகும் நான் கொழுந்தியாள் ஆயிற்றே, தினமும் கேட்டாக வேண்டும்.

"மிளகாய்ல கல்லு கெடக்கு. அதப் பாருங்க அத்தான்."

"அது உனக்கு. இந்தத் தப்பெல்லாம் சுனிலுக்கு அனுப்ப."

சுனில் அவர் மகன். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. பதினைந்து கிலோமீட்டர்தான், வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. என் அக்கா நீலாம்பாளுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, சரக்கு இறக்கிவிட்டு வருகிறேன் என்று இவர் ஒரு மணி நேரம் தாமதித்தார்; வருவதற்குள் அவள் போய்விட்டாள். அவன் மன்னிக்கவில்லை. நானும்தான். ஆனால் மனுஷன் சாப்பிட வேண்டுமே.

அப்பாவுக்கும் மகனுக்கும் மிச்சமிருந்த பேச்சு இந்தத் தொடர்தான், அதுவும் வாட்ஸப்பில். ஆறாம் பாகத்தில் செத்த டாக்டர் பெண் எட்டாம் பாகத்தில் ஒன்றும் நடக்காததுபோல் காபி குடித்தாள். தப்பு என்றார் இவர்.

"அது வேற காலம்ப்பா. அங்க அவ சாகல்ல."

"செத்தவ செத்தவதாம்லே."

பதினோரு நாள் சண்டை. அந்த நாட்களில் அத்தான் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

போன மாதம் தொடர் முடிந்தது. மகனின் மெசேஜும் நின்றது. "சாப்பிட்டியா" என்று இவர் மூன்று முறை கேட்டும் பதில் இல்லை.

நேற்று நான் போனபோது போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். 'டாக்டர் செத்தது அஞ்சாம் பாகத்தில்.'

"ஆறுல்லா அத்தான்? எனக்கே தெரியும்."

"தெரியும் பிள்ளே. தப்பு பறஞ்சா அவன் திருத்தாம விடமாட்டான், அல்லே?"

முப்பது வருடமாக ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத மனுஷன் அதை அனுப்பினார். சற்று நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை.

சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்தேன். அவர் கைவைக்கவில்லை. திரை மங்கும்போதெல்லாம், மிளகாய்க் காரம் படாத சுண்டுவிரலால் தொட்டு வெளிச்சம் வரவைத்துக்கொண்டிருந்தார்.