ஆறு பேர் ஆட்டத்தில் பதினாலு பழம்

பாரிசுக்கு வந்த முதல் வருடம் நான் ஓடவேயில்லை. ஓடக் கூடாது என்று இவர் சொல்லியிருந்தார்.

"ரோட்டிலை ஓடாதை. பஸ் போனாப் போகட்டும், அடுத்தது வரும். ஓடுற ஆளைத்தான் பொலிஸ் முதல் பார்ப்பான். பார்த்தால் பேப்பர் கேட்பான்."

என்னிடம் இருந்தது மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மாற்ற வேண்டிய ஒரு ரெசிப்பிசே, தற்காலிக வதிவிடத் துண்டு. அதை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கடைக்குப் போனாலும் அளந்து அளந்து நடப்பேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எண்பதுகளின் நடுப்பகுதி.

லா ஷப்பலில் ஐந்தாம் மாடியில் இரண்டு அறை. இவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், அவவின் புருஷன், அவர்களுடைய இரண்டு பெட்டைப் பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். ஆண்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம். யன்னலுக்கு நேரே பாலத்தில் மெத்ரோ போகும். போகும்போது கண்ணாடி நடுங்கும், எனக்குக் காலும் நடுங்கும். யன்னலில் இருந்து குசினிக்கு எட்டு அடி. போவேன், வருவேன். திரும்பவும் போவேன். கீழ் வீட்டுக் கிழவி தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பா. நான் சற்று நிற்பேன். பிறகு என்னை அறியாமல் கால் தொடங்கிவிடும்.

ஒருநாள் மச்சாள் வெங்காயம் உரித்துக்கொண்டு என் காலையே பார்த்தபடி இருந்தா.

"ஏனடி, ஓரிடத்திலை நிக்க மாட்டியே? என்ன, காலுக்குள்ளை எறும்போ?"

"சின்னனிலை கிளித்தட்டு விளையாடின கால், மச்சாள்."

ஏன் அதைச் சொன்னேனோ தெரியாது. அந்த வீட்டில் நான் என்னைப் பற்றிச் சொன்ன முதல் கதை அதுதான்.

"கிளித்தட்டோ? நானும்தான். ஒருநாளைக்கு எத்தினை பழம் எடுப்பாய்?"

"ஒரு பின்னேரம் பதினாலு எடுத்தனான்."

அவவின் கத்தி நின்றது. "பதினாலோ? எத்தினை பேர் ஆட்டம்?"

"ஆறு பேர்."

மச்சாள் சிரித்த சிரிப்பில் வெங்காயத் தோல் எல்லாம் பறந்தது. "ஆறு பேரோ? அது ஆட்டமே? குஞ்சுகள் முற்றத்திலை ஓடுற மாதிரி. நாங்கள் ஊருக்கு ஊர் போட்டி வைச்சனாங்கள். பதினொரு பேர். பத்துக் கோடு. அதிலை நான் ஒன்பது பழம்."

கிளித்தட்டுத் தெரியாத ஆட்கள் இப்போது நிறையப் பேர், அதனால் சொல்கிறேன். நிலத்தில் குறுக்கே கோடுகள் போட்டு, நடுவே நெடுக ஒரு கோடு போடுவார்கள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருத்தி நின்று மறிப்பாள். நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடித் தொடப் பார்ப்பவள் கிளி. மற்றப் பக்கத்து ஆட்கள் ஒருத்தர் கையும் படாமல் எல்லாக் கோட்டையும் தாண்டி அடியில் இறங்கி, திரும்பி ஏறி வர வேண்டும். இறங்குகிறவரை காய். ஏறுகிறபோது பழம். வெளியில் வந்தால் ஒரு பழம் சேர்ந்தது. ஒருத்தியைத் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் முழுக்க ஆட்டத்தை விட வேண்டும். இன்னொன்றும் உண்டு. காயும் பழமும் ஒரே பெட்டிக்குள் நிற்கக் கூடாது. நின்றாலும் ஆட்டம் போச்சு.

அன்றிலிருந்து மச்சாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஆறு பேர், அந்தச் சட்டியை எடு." "ஆறு பேர் குளிச்சிட்டுதோ?" வீட்டுக்கு ஆட்கள் வந்தால், "இவ ஒரு பின்னேரம் பதினாலு பழம் எடுத்தவவாம், கேட்டியளே," என்று சொல்லிவிட்டு, "ஆறு பேர் ஆட்டத்திலை," என்று கடைசியில் போடுவா. எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். பகிடிதான், எனக்கும் தெரியும். ஆனால் யாரும் அதை நம்பவில்லை என்பதும் தெரியும். வாயைத் திறக்க எனக்குக் கூச்சம். கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.

நான் அஞ்சாம் வகுப்பு மட்டும் படித்தவள். கணக்கு ஓரளவு வரும். ஒருநாள் பாண் சுற்றி வந்த தாளில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். ஆறு பேர் ஆட்டத்தில் ஒருத்தி கிளி, மிச்சம் ஐந்து கோடு. இறங்க ஐந்து, ஏற ஐந்து, ஒரு பழத்துக்குப் பத்துத் தாண்டல். பதினாலு பழத்துக்கு நூற்றி நாற்பது. மச்சாளுக்கு ஒரு பழத்துக்கு இருபது. ஒன்பது பழத்துக்கு நூற்றி எண்பது. தாளைக் கசக்கிக் குப்பைக்குள் போட்டேன். பிறகு எடுத்து, இன்னும் சின்னதாய்க் கிழித்துப் போட்டேன்.

ஆனால் மனம் விடவில்லை. பெரிய ஆட்டத்தில் நடுக்கோடு நீளம். கிளி மேலே நின்றால் அடிக்கு வர நேரம் பிடிக்கும். சின்ன ஆட்டத்தில் கிளி எப்போதும் உன் முதுகில்தான். பதினொரு பேர் ஓடினால் மறிக்கிறவள் யாரைப் பார்ப்பாள்? ஆறு பேர் என்றால் உன்னைத்தான் பார்ப்பாள். இதையெல்லாம் யன்னலுக்கும் குசினிக்கும் நடந்து நடந்து யோசித்தேன். கிழவி இடித்தா. மச்சாளிடம் சொல்ல வாய் வரவில்லை.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த குடும்பங்கள் எல்லாம் லா கூர்னெவ் பூங்காவில் கூடிச் சாப்பிடுவது என்று முடிவானது. கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனோம். ஆண்கள் சீட்டாட்டத்தில் இருந்தார்கள். புல் நிலம் கண்ணுக்கு எட்டும் வரை கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மச்சாள்தான் தொடங்கினா. "சரி, ஆறு பேர் ஓடிக் காட்டட்டும். ஆர் ஆர் வாறியள்?"

பெண்கள் பதினாலு பேர் தேறினோம். பக்கத்துக்கு ஏழு. "உன்ரையும் இல்லை, என்ரையும் இல்லை," என்றா மச்சாள். அவவின் புருஷனுக்கு லா ஷப்பலில் சாமான் கடையில் வேலை. பெட்டிகள் கட்டிவரும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டி ஒரு சுருள் கொண்டுவந்திருந்தார், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்ட. அதை எடுத்துக் கோடாய் இழுத்தோம். காற்றுக்குப் பறக்காமல் இருக்க முள்ளுக்கரண்டிகளால் புல்லில் குத்தினோம். வெள்ளைக்காரர் வந்தால் என்று வாங்கி, ஒருவரும் கை வைக்காத கரண்டிகள்.

சீட்டுப் போட்டுப் பிரித்தபோது மச்சாளும் நானும் ஒரே பக்கம்.

"கடவுளே," என்றா அவ. "இனி நான்தான் இவளைக் காப்பாத்த வேணும்."

சேலையைத் தூக்கிச் செருகினோம். சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். முதல் அடி எடுக்கும்போது பாதைப் பக்கம் ஒருக்கால் பார்த்தேன். யாரோ நாயோடு போனார்கள். வேறு ஒருவரும் இல்லை. பிறகு நான் எதையும் பார்க்கவில்லை.

முதல் கோடு, இரண்டாம் கோடு. மறித்த பெண் இடப்பக்கம் சாய வலப்பக்கத்தால் போனேன். கிளியாய் நின்றவ செவ்ரானில் இருந்து வந்த ஒரு உயரமான அக்கா, கை நீளம். அவவின் விரல் என் பின்னலில் பட்டும் படாமல் போனது. ஆறாம் கோடும் தாண்டி அடியைத் தொட்டபோது மூச்சு நெஞ்சில் முட்டியது. அழுகை வருமாப் போல இருந்தது. திரும்பினேன். நான் இப்போது பழம்.

ஆறு, ஐந்து, நாலு. மூன்றாம் கோட்டில் மறித்தவ கால் சறுக்கினா. எனக்கு வழி திறந்தது. புகுந்தேன்.

அந்தப் பெட்டிக்குள் மச்சாள் நின்றா. இன்னும் காய். கிளியைப் பார்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி.

நான் நேரே போய் அவவில் மோதினேன். இரண்டு பேரும் விழுந்தோம். மற்றப் பக்கம் கை தட்டியது. "காயும் பழமும், காயும் பழமும். வெளியாலை போங்கோ."

மச்சாள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தா. "ஏன் கத்தேல்லை?"

"என்னத்தை?"

"பழம் வருது எண்டு. கத்தினால்தானே காய் விலகும். பதினொரு பேர் ஆட்டத்திலை கத்தாமல் ஒருத்தியும் ஏறமாட்டாள்."

"எங்கடை ஆட்டத்திலை கத்துறேல்லை, மச்சாள். ஆறு பேர்தானே. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்."

அதுதான் எங்கள் இரண்டு ஆட்டத்துக்கும் இருந்த வித்தியாசம். என் கணக்குத் தாளில் அது வரவேயில்லை. கத்தச் சொல்லியிருந்தாலும் எனக்குக் குரல் வந்திராது என்பது வேறு கதை. என் முதல் பழம், பிழையாய்ப் போன பழம். மற்றப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் 'ஆறு பேர்' என்று எழுதியிருந்தது. எனக்கு ரயிலேறி ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

மச்சாள் காலைத் தடவினா. பிறகு, "நீ இறங்கினதை நான் பார்க்கேல்லை. எப்ப இறங்கி எப்ப ஏறினனி?" என்று கேட்டா.

"நீங்கள் இரண்டாம் கோட்டிலை நிக்கேக்கை."

"நான் அங்கை நிண்டது ஒரு கொட்டாவி நேரம்." அவ கோடுகளை ஒருக்கால் எண்ணிப் பார்த்தா.

எங்கள் முறை திரும்பி வந்தபோது அவவுக்குக் கால் வீங்கியிருந்தது. மிச்சம் ஆறு பேரையும் இறக்கிவிட்டு, மச்சாள் கோட்டோரம் ஒரு துவாயை விரித்து இருந்தா. நான் இறங்கினேன். அடியைத் தொட்டுத் திரும்பிய உடனே அவவின் குரல் கேட்டது.

"பழம் வருது. விலகுங்கோ. இடப்பக்கத்தாலை பழம் வருது."

சீட்டாடிய ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காய்கள் விலகினார்கள். நான் வெளியில் வந்தேன். திரும்ப இறங்கினேன். ஒவ்வொரு முறையும் நான் அடியைத் தொட முதலே மச்சாள் தொடங்கிவிடுவா. அவவின் குரல் முன்னே போகும், நான் பின்னே போவேன். அந்தப் பின்னேரம் ஐந்து பழம் எடுத்தேன். ஆறாவதில் செவ்ரான் அக்கா தோளில் தொட்டுவிட்டா.

பின்னேர ரயிலுக்குப் போகும்போது மச்சாள் இவருடைய தோளைப் பிடித்து நொண்டி நொண்டி வந்தா. மேடையில் ரயில் வந்து நின்றுவிட்டது. பெட்டி தூரத்தில்.

"நான் ஓடிப்போய்க் கதவைப் பிடிக்கிறன்," என்றேன்.

"ஓடாதை," என்றார் இவர்.

"அவள் ஓடட்டும்," என்றா மச்சாள்.

ஓடினேன். கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். அவர்கள் வந்து ஏறும் வரை கதவு இரண்டு முறை என்னை இடித்தது. ஒருவரும் பேப்பர் கேட்கவில்லை.

இருக்கை கிடைத்து, காலை நீட்டி, மூச்சு விட்ட பிறகு மச்சாள் சொன்னா: "ஏழு பேர் ஆட்டத்திலை ஐஞ்சு. அதுவும் ஒரு கை குறைவாய். அப்ப ஆறு பேரிலை ஒரு பத்து வந்திருக்கும். சரி, பத்தெண்டு வைப்பம்."

இவர் சிரித்தார். வழக்கம்போல நான் யன்னல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

"பதினாலு, மச்சாள்," என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாய் வந்துவிட்டது. முன்னால் இருந்த வெள்ளைக்காரன் பேப்பரை இறக்கிப் பார்த்தான். மச்சாளும் பார்த்தா.

"இதை அங்கை கத்தியிருந்தால் என்ரை கால் தப்பியிருக்கும்," என்றா. பிறகு, யன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஓம், பதினாலு," என்றா. "ஆனால் நான் ஒன்பது."